ஆதிகாலம் என்றால் எந்தக் காலம்?

எங்கள் வீட்டில் பிரதோஷம்தோறும் தாத்தா பஞ்சபுராணம் பாடுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. முன்னும் பின்னும் 'திருச்சிற்றம்பலம்'. கூடவே பாடிப் பாடி எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. பன்னிரு திருமுறையும் அருளப்பட்ட நாள்தொட்டு இதே வரிசையில், ஓரெழுத்துப் பிசகாமல் நம்மிடம் வந்து சேர்ந்தவை என்று நம்பி வளர்ந்தேன். அந்த நம்பிக்கைதான் என் பலம். அதைத் தொட்டுப் பார்க்கப் பயந்ததும் உண்டு.

கல்லூரி முடித்த வருடம், பக்கத்து ஊர்க் கோவிலில் திருவாதிரைக்குப் பதிகம் பாடப் போனேன். "பொம்பளைங்க சந்நிதி முன்னாடி நின்னு பாடற வழக்கம் இல்லேம்மா. ஆதிகாலத்துலேர்ந்தே அப்படித்தான்" என்றார் நிர்வாகத்தில் இருந்த பெரியவர். கனிவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு அழுதுகொண்டே வந்தேன். அந்த ஆதிகாலம் எது என்று பார்த்துவிட வேண்டும் என்ற வைராக்கியம் அன்று பிறந்தது.

முதலில் எடுத்தது, உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் 'திருமுறை கண்ட புராணம்'. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையை, மூவர் திருமேனிகளையும் எழுந்தருளப் பண்ணி மன்னன் திறக்க வைக்கிறான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றி எடுத்தால் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கிறது. இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்கிறது அசரீரி. சிறுவயதில் கேட்ட கதைதான். ஆனால் பாட்டில் பெரும்பகுதி போய்விட்டது என்று நம் மரபே ஒப்புக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. மேலே படித்தால், பண் தெரியாமல் தவித்தவர்கள் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போய், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் அமைக்கிறார்கள். பாணர் குலத்துப் பெண்! தேவாரத்துக்கு இசையை மீட்டுக் கொடுத்தவளே அவள்தான் என்று புராணம் சொல்லும்போது, பெண் பாடும் வழக்கம் இல்லை என்பது எங்கிருந்து வந்தது?

அந்தப் பண்களும் அப்படியே நிற்கவில்லை. தக்கேசியை இன்று காம்போதியிலும் பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும் பாடுகிறோம்.

தாத்தாவிடம் சொல்லத் தயங்கியது ஒன்பதாம் திருமுறையைப் பற்றி. ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி திருமுறைகளைத் தொகுத்தார் என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தது. ராஜராஜன் ஆட்சி 1014-இல் முடிகிறது. ஒன்பதாம் திருமுறையிலோ கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோளேச்சரத்தைப் பாடுகிறார். அது ராஜேந்திரன் எடுத்த கோவில். பன்னிரண்டாவதான பெரியபுராணம் எழுதப்பட்டதே 12ஆம் நூற்றாண்டில். நம்பியின் சொந்தப் பாடல்களே பதினொன்றாம் திருமுறையில் இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்திருக்கிறது. இதைக் கேட்டால் கிழவர் மனம் உடைந்துவிடுமோ என்று பயந்தேன்.

கேட்டார். ஒன்றும் பேசாமல் பூஜை அலமாரியிலிருந்து அவருடைய அப்பா காலத்துத் தேவாரப் புத்தகத்தை எடுத்தார். பின்னட்டையின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீல மசியில் அவர் கையெழுத்து. சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம். ஏடுகளில் கிடைக்காமல் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்க் கோவில் கல்வெட்டிலிருந்து மீண்டு வந்த பதிகம் அது. பழைய அச்சில் இல்லாததால் தாத்தாவே எழுதிச் சேர்த்திருக்கிறார். பசை காய்ந்து தாளின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

"கல்லுல யாரோ வெட்டி வச்சதாலதானே அம்மாடி நமக்குக் கெடச்சுது. நம்பிக்கு அப்புறமும் யாராவது சேத்திருந்தா, அவங்களும் பக்தியோட சேத்தவங்கதான்" என்றார்.

என் பயம் அன்றோடு போயிற்று. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில், திருப்பதியம் பாட ராஜராஜன் நியமித்த 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசித்த இருவரையும் பற்றிப் படித்தபோது கண் கலங்கியது. ஆளுக்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டி, பாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இறைவன் அருள் இப்படி மனிதர் கை வழியாகத்தான் வருகிறது என்று இன்று முழுமனதோடு நம்புகிறேன். முன்னைவிட ஆழமாகப் பாடுகிறேன்.

2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோவிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். உங்கள் ஊர்க் கோவிலிலும் பதிகம் பாட ஒரு பெண் குழந்தை வந்து நிற்கலாம். வழக்கம் இல்லை என்று யாராவது தடுத்தால், எப்போதிலிருந்து என்று அவளுக்காக நீங்கள் கேளுங்கள்.