சின்னத்தைச் சொடுக்கினால் தமிழ் வராதது ஏன்?



உபுண்டு கணினியில் தமிழ்த் தட்டெழுத்தை அமைத்துக்கொண்ட பெற்றோர் சிலர் வினவுகின்றனர்: "முனையத்திலிருந்து லிப்ரேஆபிஸைத் திறந்தால் தமிழ் வருகிறது. பிள்ளை சின்னத்தைச் சொடுக்கித் திறந்தால் வருவதில்லை. இரண்டும் ஒரே மென்பொருள்தானே, ஆசிரியரே?"

மென்பொருள் ஒன்றுதான், அதனைத் தொடங்கிவைத்த தாய்நிரல் வேறு. லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் தன் தாய்நிரலிடமிருந்தே சூழல் மாறிகளைப் பெறுகிறது. எந்த உள்ளீட்டு முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று கூறும் ‘ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்’ அவற்றுள் ஒன்று. அதனை ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் எழுதிவைத்தால், முனையத்தில் இயங்கும் பாஷ் அதனைப் படிக்கும். அங்கிருந்து திறக்கும் மென்பொருளுக்கும் வழங்கும். சின்னத்தின்வழி திறக்கும் மென்பொருளோ, நாம் கடவுச்சொல் இட்டு நுழைந்தபோது உருவான மேசைத்தளத்தின் பிள்ளை. மேசைத்தளம் அக்கோப்பைப் படிப்பதில்லை. வகுப்பறைக் கரும்பலகையில் எழுதியதை மண்டபத்தில் இருப்போர் அறிவரோ?

தீர்வு எளிது. அவ்வரியை, ‘எக்ஸ்போர்ட்’ என்னும் முன்சொல்லோடு, இல்லக் கோப்புறையிலுள்ள ‘.புரொஃபைல்’ கோப்புக்கு மாற்றுங்கள். பின்னர்க் கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். மென்பொருளை மட்டும் மூடித் திறந்தால் போதாது.

கட்டுரை எழுத அமரும் பிள்ளைக்கு இவ்விளக்கமெல்லாம் தெரியாது. எழுத்து வராவிட்டால், "தமிழில் எழுதுவது கடினம்" என்றே அது முடிவுகட்டும். ஆதலால் பிள்ளை செய்வதுபோலவே, சின்னத்தைச் சொடுக்கி, நீங்கள் முன்னதாக ஒருமுறை சோதித்துவிடுங்கள்.