அடி அண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக் கடற்கரை வரை

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயிலும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லப்படும் இடத்தில் அவருக்கென ஒரு கோயிலும் இங்கே உண்டு. ரமணாசிரமத்தைச் சுற்றிச் செங்கம் சாலையில் தங்கிய வெளிநாட்டவர்கள், அங்கே இடம் நெருக்கடியானதும், அத்தியந்தல், அடி அண்ணாமலை எனப் பாதை நெடுகிலும் வீடு பிடித்துக் குடியேறினார்கள்.

இந்தக் குடியேற்றம் நேற்றுத் தொடங்கியதல்ல. 1931-இல் ரமண மகரிஷியைக் காண வந்த ஆங்கிலப் பத்திரிகையாளர் பால் பிரண்டன் 1934-இல் எழுதி வெளியிட்ட நூல் மேலை நாடுகளில் ரமணரின் பெயரைப் பரப்பியது. 1935-இல் மேஜர் சாட்விக்கும், அடுத்த ஆண்டு ஈராக்கில் பிறந்த எஸ்.எஸ்.கோஹனும் வந்தார்கள். இந்த இருவரும் திரும்பிப் போகவில்லை. ஆர்தர் ஆஸ்பர்ன் இங்கேயே வீடெடுத்து வாழ்ந்து, 1964-இல் ஆசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கினார். இன்று வருபவர்களில் பெரும்பாலோர் கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்து, பங்குனி வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகிறார்கள். பலரிடம் இருப்பது சுற்றுலா விசா. பத்துக் குளிர்காலம் ஒரே வீட்டில் இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் விருந்தாளிகள்தாம்.

சனி, ஞாயிறுகளில் இவர்கள் போய்வரும் ஊர் புதுச்சேரி. கடல், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டி, தம் மொழி பேசும் நாலு பேர் என்று போவதற்குக் காரணங்கள் எளியவை. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். விழுப்புரம் வழியாகவும் போகலாம். ஆனால் வழியில் பார்க்க ஏதாவது வேண்டும் என்பவருக்குச் செஞ்சி வழிதான். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் இந்த நெடுஞ்சாலைக்குப் பழைய எண் 66. இப்போது திண்டிவனம் வரை 77. இதே தடத்தில் திண்டிவனத்துக்கு ரயில் பாதை அறிவிக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகியும் இன்னும் ரயில் ஓடவில்லை.

திருவண்ணாமலையைத் தாண்டியதும் கீழ்பென்னாத்தூர். இரு பக்கமும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலம். ஆலம்பூண்டிக்குப் பிறகு நிலத்தின் தோற்றமே மாறிவிடுகிறது. யாரோ அடுக்கிவைத்ததுபோல் பாறை மேல் பாறையாகக் குன்றுகள். சாலை செஞ்சிக் கோட்டையின் மதிலுக்குள்ளேயே நுழைகிறது. வலப்பக்கம் ராஜகிரிக் குன்று, இடப்பக்கம் கிருஷ்ணகிரிக் குன்று, இடையில் பேருந்து. உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றின் நடுவே டவுன் பஸ் ஓடும் இடங்கள் அதிகம் இருக்காது. மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து இது மட்டும், 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கோட்டை கைமாறிய வரிசை நீளமானது. நாயக்கர்களுக்குப் பின் பிஜப்பூர் சுல்தானின் படை, 1677-இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர், 1714-இல் தேசிங்கு ராஜன் போரில் மாண்ட பிறகு ஆற்காட்டு நவாபு, 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். பக்கத்திலுள்ள திருநாதர் குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் அங்கே உள்ளது. தமிழ்ச் சமணர்களின் மடம் இதே வட்டாரத்தில், மேல்சித்தாமூரில் இன்றும் இயங்குகிறது. பல பண்பாடுகளைத் தேடிப் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் செஞ்சியில் தேநீர் குடிக்க இறங்குவதோடு சரி. இந்த வழியில் மிகவும் குறைவாக மதிப்பிடப்படும் ஊர் இதுதான்.

தீவனூர் கடந்து திண்டிவனம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்ட வேண்டிய நெரிசல் தவிர இங்கே சொல்ல அதிகமில்லை. புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் ஓமந்தூர் வட்டாரம். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர். அவரும் ரமணரின் அடியார். பிறகு கிளியனூர், அதன்பின் திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு.

கூட்டுரோட்டில் இடப்பக்கம் திரும்பினால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். 1988-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவதால், இங்கே வாழும் வெளிநாட்டவரின் நிலை அடி அண்ணாமலையில் இருப்பவரின் நிலையிலிருந்து வேறு. இவர்கள் பெயர் ஆரோவில் அறக்கட்டளையின் குடியிருப்போர் பதிவேட்டில் ஏறுகிறது. தோற்றத்தில் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. பாஸ்போர்ட்டைத் திறந்து விசாவைப் பார்த்தால்தான் தெரியும்.

மொரட்டாண்டி டோல்கேட்டைக் கடந்து கோரிமேடு, ஜிப்மர் வழியே நகருக்குள் போனால் மூன்றாவது நிலை. 1674 முதல் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரி, 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். இவர்களில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களை ஊரார் ‘சொல்தா’ என்பார்கள். சைகோனில் வேலை பார்த்த தமிழர்கள் சிலர் வியட்நாமிய மனைவியரோடு ஊர் திரும்பினர். அந்த வீட்டுச் சமையல் இன்றும் இங்கே இருக்கிறது. பிரெஞ்சு அதிபர் தேர்தல் நடக்கும்போது புதுச்சேரியில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அடி அண்ணாமலையிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர் துணைத் தூதரகத்தில் தனக்கு முன்னால் வேட்டி கட்டிய சக குடிமகனைக் காணலாம். ஓர் ஊரின் பல பண்பாடுகளை அறிய உணவகப் பட்டியலைவிட விசா, பதிவேடு, குடியுரிமை போன்ற காகிதங்களே நல்ல வழிகாட்டி.

சாலை முடிவது கடற்கரையில். மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் விடுகிறார்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டவை. அவற்றின் சிற்ப வேலைப்பாட்டை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஞாயிறன்று காந்தி வீதியில் துணி, பழைய புத்தகம், பாத்திரம் என்று நடைபாதைச் சந்தை கூடும். திரும்பும் பேருந்துக்கு முன் அங்கே ஒரு சுற்று வழக்கம்.

பௌர்ணமியோடு சேரும் வாரக் கடைசியில் போக்குவரத்து எதிர்த் திசையில் பெருகும். புதுச்சேரியிலிருந்தும் கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். திருவண்ணாமலைக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, கிரிவலப் பாதையில் வண்டிகளுக்குத் தடை போட்டுவிடுவதால், அடி அண்ணாமலையில் இருப்பவர்கள் புதுச்சேரிப் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.