மணலும் புல்லும் கானமயிலும்

ஜெய்ஸால்மர் நகரை விட்டு மேற்கே ஸாம் கிராமத்தை நோக்கிச் செல்லும் பிரயாணி, வழி நெடுக மணற்குன்றுகளையே எதிர்பார்த்திருப்பான். கண்ணில் படுவதோ கல்லும் சரளையும் பரந்த வெட்டவெளி; ஆங்காங்கே ஒரு வன்னி மரம், நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகள். ராஜஸ்தானத்துப் பாலைவன தேசீயப் பூங்காவின் விஸ்தீரணம் 3,162 சதுர கிலோமீட்டர். ‘பூங்கா’ என்ற பெயரை நம்பி மலர்ப் பாத்திகளைத் தேடுவோர் ஏமாந்து போவர்! மணற்குன்றுகள்கூட அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

ஆயினும் அந்த ஒரு பங்கின் எழிலை என்னவென்று சொல்வது! காற்று வரும் பக்கம் மெல்லச் சரிந்தேறும் குன்று, மறுபக்கம் சட்டென்று செங்குத்தாக விழுகிறது. பொழுது சாயும் வேளையில் ஒரு புறம் பொன்னாக ஜொலிக்க, மறுபுறம் இருள் நிரம்பி நிற்கும். முன்தினம் ஒட்டகம் நடந்த சுவட்டைக் காற்று துடைத்துவிட்டுப் புதிய அலைவரிகளை எழுதியிருக்கும். ஜெய்ஸால்மருக்கு அருகே ஆகல் என்னுமிடத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்த கானகத்தின் மரங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. வறட்சி இம்மண்ணுக்குப் பிறவிக் குணம் அன்று.

ஸாமில் ஒட்டகச் சவாரி செய்து திரும்புவோர் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது புல்வெளியை. சேவண் என்ற புல் அடர்ந்த அவ்வெளியில்தான் கானமயில் வாழ்கிறது. ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை எடை. இவ்வளவு பளுவோடும் பறக்கிறது! தமிழகத்து வறண்ட நிலங்களிலும் ஒரு காலத்தில் உலாவிய பறவைதான். நம்மிடம் இன்று எஞ்சியிருப்பது அதன் பெயர் மட்டுமே. உலகெங்கும் சேர்த்து நூற்றைம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியுள்ளன.

பக்கவாட்டில் அமைந்த கண்களால் எதிரே உள்ள மின்கம்பியை அது காண்பதில்லை. கண்டாலும் அந்தக் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப இயலாது. சூரிய ஒளியிலிருந்து எடுக்கும் மின்சாரம் உலகுக்கு நன்மை பயப்பதே. அதைச் சுமக்கும் கம்பிகள் இப்பறவைக்கு எமனாயின. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கும்படி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அதனைத் தளர்த்தி, விஷயத்தை நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

கானமயில் வெறுந்தரையில் இடுவது பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை; நரியும் காக்கையும் நாய்களும் அதற்குக் காத்திருக்கும். அத்தகைய முட்டைகளை எடுத்து வந்து குஞ்சு பொரிக்க 2019-ல் ஸாமில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த பெட்டை ஒன்று, செயற்கைக் கருவூட்டலின் பயனாக, 2024-ல் முட்டையிட்டது. அக்டோபர் மாதத்தில் குஞ்சு வெளிவந்தது.