பனித்திடலில் விழுந்த மீன்

“உள்ளே போனதும் காதைப் பொத்திக்காதீங்கம்மா. நாமளும் கத்தணும்.”

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே யோசிக்கும் என் மகள் சொன்ன வார்த்தை இது. ‘பொம்பளப் பிள்ளை, மெதுவாகப் பேசு’ என்று வளர்த்தவள் நான். எனக்கு வியப்பாக இருந்தது.

அமெரிக்காவின் இத்தாக்கா, நியூயார்க் நகரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் சிற்றூர். கீழே கயூகா ஏரி, மேட்டின் மேல் கார்னெல் பல்கலைக்கழகம். வளாகத்தின் ஊடே ஆழமான பாறைப் பள்ளங்கள். நான் போன பிப்ரவரியில் அங்குள்ள அருவிகளின் ஓரமெல்லாம் உறைந்து கிடந்தன. முதல் பருவம் முழுவதும் மகள் தொலைபேசியில் சொன்னது இரண்டே செய்திகள்: குளிர் தாங்கவில்லை, யாரையும் தெரியவில்லை. அவளைப் பார்க்கத்தான் போனேன். அவளோ என்னை ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

சன்வே பிரமிட் பேரங்காடியில் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சறுக்குவதைப் பார்த்ததோடு சரி, பனித்திடலைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. வரிசையில் நின்றபடியே மகள் பாடம் எடுத்தாள். பக்கத்துக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு கோல் காவலர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வட்டு. அது துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே உறைய வைப்பார்களாம். தப்பு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதுவரை அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்.

லைனா அரங்கம் 1957இல் திறக்கப்பட்டது. நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். பின்னாளில் மொன்ரியால் அணிக்காக ஆறு முறை ஸ்டான்லி கிண்ணம் வென்று, கனடாவில் அமைச்சராகவும் இருந்த கென் டிரைடன், மாணவராக இருந்தபோது கோல் காத்தது இங்கேதான். 1967இல் அவர் இருந்த அணி தேசிய வெற்றியாளர். 1970இல் கார்னெல் ஆடிய 29 ஆட்டங்களிலும் வென்று மறுபடியும் பட்டம் பெற்றது. அதன் பிறகு தேசியப் பட்டம் கிடைக்கவே இல்லை. ஆனாலும் அரங்கம் நிறைகிறது. அன்று எதிரணி ஹார்வர்ட் என்பதால் நிற்கக்கூட இடமில்லை.

எதிரணியின் பெயர்களை அறிவிக்கத் தொடங்கியதும் மாணவர்கள் அனைவரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ‘நீ யாராக இருந்தால் எனக்கென்ன’ என்று பொருள். தேசிய கீதத்தில் ‘சிவப்பு’ என்ற சொல் வரும்போது மட்டும் கூரை அதிர ஒரு சத்தம். சிவப்பு கார்னெலின் நிறம்.

ஹார்வர்ட் வீரர்கள் திடலில் இறங்கினார்கள். மீன்கள் பறந்து வந்தன. உண்மையான மீன்கள்! சட்டைக்குள் ஒளித்துக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

இதற்கொரு கதை உண்டு. வேளாண் கல்லூரியும் உள்ள பல்கலைக்கழகம் என்று கார்னெலைக் கேலி செய்ய, 1973இல் ஹார்வர்ட் ரசிகர் ஒருவர் செத்த கோழியைக் கார்னெல் கோல் காவலர் மீது எறிந்தாராம். ஹார்வர்ட் இருப்பது மீன்பிடிக்குப் பேர்போன போஸ்டன் பக்கம். எனவே பதிலுக்கு மீன். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆட்டத்தின் நடுவே வீசினால் சொந்த அணிக்கே தண்டனை என்று ஒலிபெருக்கி எச்சரித்தது. பணியாளர்கள் மீன்களை வாரி எடுத்தார்கள். ஒரு கிலோ கெம்போங் மீனுக்குப் பாசாரில் பேரம் பேசும் என் மனம் பதறியது.

“நீயும் வீசினியா?”

“இல்லம்மா. பாட்டிக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க.”

கார்னெல் முதல் கோலைப் போட்டது. மாட்டு மணியை யாரோ அடிக்க, நூற்றுக்கணக்கான கைகள் ஹார்வர்ட் கோல் காவலரை நோக்கி நீண்டன. “சல்லடை! சல்லடை!” எல்லாம் ஒழுகிவிடுகிறதாம். என் மகளின் குரலும் அதில் இருந்தது.

அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்குமா? முகக்கம்பிக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய அம்மாவும் இந்த அரங்கத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பாளோ என்று நினைத்தேன். இடைவேளையில் மகளிடம் கேட்டேவிட்டேன். “ஒரு பிள்ளையை இத்தனை பேர் சேர்ந்து கேலி பண்றது நல்லாவா இருக்கு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சில பேர் எல்லை மீறுவாங்கம்மா. அப்ப நான் வாயை மூடிக்குவேன். ஆனா இங்கே வந்த முதல் நாள், பக்கத்துல நின்னவங்க என் பேரைக்கூடக் கேட்கல. எப்படிக் கத்தணும்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம்தான் பேரு.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தொழில்முறை ஹாக்கியில் அடித்துக்கொண்டவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப ஆடுவார்கள். கல்லூரி ஹாக்கியில் கைகலப்பு என்றால் அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. அன்று மூன்றாம் பகுதியில் இருவர் முட்டிக்கொண்டு நிற்க, நடுவர்கள் பாய்ந்து விலக்கினார்கள். ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் ஹார்வர்ட் ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான், எழவு வீடு போல ஆனது அரங்கம். நான்கூட “ஐயோ!” என்று உரக்கக் கத்தியிருந்தேன்.

மணி ஒலித்ததும் இரண்டு அணிகளும் வரிசையாக வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டார்கள். சற்றுமுன் முட்டிக்கொண்ட இருவரும்தான். ‘சல்லடை’ என்று வசை வாங்கிய பையனின் தோளில், தோற்ற அணியின் கோல் காவலன் தட்டிக்கொடுத்தான். மாணவர்கள் அது முடியும்வரை கலையவில்லை. என் மகள் கை தட்டினாள்.

மறுநாள் காலை அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுபோன சுக்கைத் தட்டிக் காப்பி போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முந்தின இரவு எங்கள் வரிசையில் நின்ற மூன்று பிள்ளைகள். ஒருவருக்கும் குரல் இல்லை. சைகையாலேயே தங்களுக்கும் காப்பி கேட்டார்கள்.

பானையில் இன்னும் நாலு குவளை தண்ணீர் ஊற்றினேன்.