கிட்டிக்காரரும் என் மகனும்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல. சம்பா அறுப்பு, நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டது, வைக்கோல் கட்டுனதுன்னு நாள் ஓடிப்போச்சு. இன்னைக்கு எலியைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தேன். எலியைப் பத்தி எழுதணும்னா என் மகன் விளையாடுற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தியும் எழுதியாகணும். ஏன்னு கேட்காதீங்க, படிச்சுக்கிட்டே வாங்க.

நமக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிப் பாசனம். எட்டு மா நிலம். பட்டணத்துக் கணக்குக்குச் சொல்றதா இருந்தா மூணு மா ஒரு ஏக்கர்னு வச்சுக்கங்க. இந்த வருஷம் முழுக்க சி.ஆர். 1009. நூத்தம்பது நாளுக்கு மேல நிக்கிற பயிர். அம்புட்டு நாள் நிலத்துல நின்னா எலிக்கும் அம்புட்டு நாள் விருந்து.

கார்த்திகை கடைசியில பயிர் சூல் கட்டி நின்னுச்சு. வரப்புல நின்னு பார்த்தா ஒரு குறையும் தெரியல, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருந்துச்சு. உள்ள இறங்கி நடந்தா நடுவயல்ல வட்டம் வட்டமா சாய்ச்சுப் போட்டிருக்கு. எலியோட புத்தி அது. ஓரத்தைத் தொடாது, நடுவுல போய்த்தான் வெட்டும். தூரைக் கையில எடுத்துப் பார்த்தா கத்தியால சீவின மாதிரி சாய்வா வெட்டு இருக்கும். சூல்ல இருக்குற தூரை வெட்டிட்டா அது மறுபடி துளிர்த்து வந்து கதிர் தள்ள நாளும் பத்தாது. போன அது போனதுதான். நகையை வச்சு நட்ட பயிர். ராத்திரி படுத்தா காதுல கறுக் கறுக்குன்னு அந்த வெட்டுற சத்தமே கேட்கும்.

என் மகன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அந்த சமயம் வீட்டுலேர்ந்தே வேலை பாக்கலாம்னு சொல்லி ஊருக்கு வந்திருந்தான். பகல்ல வேலை. ராத்திரி பத்தரைக்கு மேல காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு அந்த விளையாட்டு. நான் ஒரு மணிக்கு எழுந்தாலும் அவன் ரூம்ல வெளிச்சம், மூணு மணிக்கு எழுந்தாலும் வெளிச்சம். "ஏன்டா தம்பி, பேய் மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்க?"ன்னு கேட்டா, "ஐரோப்பாக்காரனுக்கு இப்பத்தான்பா சாயங்காலம், இப்பத்தான் ஆளுங்க வருவாங்க"ன்னான்.

ஒரு நாள் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டேன். விளையாட்டு பேரு ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்துல சி.சி.பி.ன்னு ஒரு கம்பெனி 2003 மே மாசத்துலேர்ந்து நடத்துறாங்க. ஐஸ்லாந்து சனத்தொகை நாலு லட்சம்கூட இல்ல, நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துல ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு. அந்தச் சின்ன ஊர்க்காரன் உண்டாக்குன ஆகாயத்துல உலகம் பூரா இருக்குறவன் கப்பல் ஓட்டுறான். அதுல 7,000-க்கு மேல நட்சத்திர மண்டலம் இருக்காம். சிலதுல போலீசு உண்டு. நம்மளை எவனாவது அடிச்சா போலீசு வந்து அவனை அழிக்கும், ஆனா நம்ம கப்பலைக் காப்பாத்துறது நிச்சயமில்ல. (இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.) வெளிய போகப் போக போலீசு குறைஞ்சு, கடைசியில ஒண்ணுமே இல்லாத வெளி. அதையும் தாண்டி வோர்ம்ஹோல்னு ஒண்ணு 2009-ல கொண்டு வந்தாங்களாம். வானத்துல திடீர்னு ஒரு ஓட்டை தோணும், உள்ள நுழைஞ்சா வேற மண்டலம். அந்த ஓட்டையும் நிரந்தரமில்ல, ஒரு நாள் போல இருந்துட்டு மூடிக்கும். திரும்பி வர வழி மூடிட்டா உள்ளேயே வேற வழி தேடணும். நான் அதுக்கு வளைன்னு பேரு வச்சுட்டேன். இனிமே வளைன்னே எழுதுறேன்.

மத்த மண்டலத்துல யார் யார் இருக்காங்கன்னு ஓரத்துல பேர் பட்டியல் வரும். வளைக்குள்ள அது கிடையாது. வாயைத் திறந்து பேசினவன் பேர்தான் தெரியும், பேசாதவன் இருக்கானா இல்லையான்னே தெரியாது. அதனால அங்க வாழ்றதே வேவு பாக்குறதுல இருக்கு. ஒரு பட்டனை அமுக்கினா சுத்தி 200 கோடி கிலோமீட்டருக்கு என்ன கப்பல் இருக்குன்னு காட்டும். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் மாதிரி 14 மடங்கு. அதை டி-ஸ்கேன்கிறான். ரெண்டு மூணு விநாடிக்கு ஒரு தடவை அமுக்கிக்கிட்டே இருக்கான், கொசு அடிக்கிற மாதிரி. ஆனா மாயப் போர்வை போட்ட கப்பல் அதுல தெரியாது. இவன் கப்பலும் அந்த மாதிரி மறைஞ்சு நிக்கிற சாதிதான். ஏதாவது ஒரு பொருளுக்கு 2,000 மீட்டர் கிட்ட போனா போர்வை விலகிடும், அதனால அங்கங்க ஒதுங்கி ஒதுங்கிப் போறான். எதிரி எந்த இடத்துல இருக்கான்னு துல்லியமாக் கண்டுபிடிக்கத் தனியா துப்பறியும் உருண்டை விடணும். ஆனா அந்த உருண்டை எதிரியோட டி-ஸ்கேன்ல தெரிஞ்சுடும். அதனால மொதல்ல கையால கோணத்தைக் குறுக்கிக் குறுக்கி ஆள் எந்தத் திக்குல இருக்கான்னு கணக்குப் போட்டுக்கிட்டு, கடைசியில ஒரே தடவை உருண்டையை விட்டு, அவன் சுதாரிக்கிறதுக்குள்ள போய் விழணும்.

அன்னைக்கு எவனோ ஒருத்தன் சின்னக் கப்பல்ல வந்து வாயு உறிஞ்சிக்கிட்டு இருந்தான். அதை வித்துத்தான் அவன் பொழைப்பு போல. இவன் நாப்பது நிமிஷம் அசையாம காத்திருந்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"பாவம்டா, உழைக்கிறவனைப் போய் ஏன்டா?"

"அவனுக்கும் தெரியும்பா. இங்க வர்றவன் எல்லாம் தெரிஞ்சுதான் வர்றான். நான் டி-ஸ்கேன் அமுக்க மறந்தா என்னை ஒருத்தன் அடிப்பான்."

நிசமாவே அடிச்சிருக்கான். அந்த விளையாட்டுல கப்பல் போனா போனதுதான், திரும்ப முளைக்காது. இவன் மூணு மாசம் சேர்த்து வாங்கின கப்பலை ஒரு நிமிஷத்துல உடைச்சுட்டாங்களாம். அன்னைக்குச் சோறு வேணாம்னு படுத்துட்டான், நான்தான் காய்ச்சலோன்னு நினைச்சேன். 2014 ஜனவரியில ஒரு பெரிய சண்டை நடந்திருக்கு. ஒரு மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய வாடகை தவறிப்போய், அதுலேர்ந்து ஆரம்பிச்ச சண்டை. ஒரு நாள் பக்கமா நடந்து, இருக்குறதுலேயே பெரிய சாதிக் கப்பல் 75 போச்சு. நிசப் பணத்துல கணக்குப் பார்த்தா 3 லட்சம் டாலராம். தீர்வை கட்டத் தவறினா என்ன ஆகும்னு நம்மளைக் கேட்டா சொல்லியிருப்போம்.

சரி, இப்ப என் தப்புக்கு வர்றேன். இதை எழுதலாமா வேணாமான்னு நிறைய யோசிச்சேன்.

எலிக்கு மருந்து வச்சுப் பார்த்தேன். மொத நாள் கொஞ்சம் செத்துச்சு. அரைகுறையாத் தின்னு பொழைச்ச எலி அப்புறம் அந்தத் தீனியை மோந்துகூடப் பாக்கல. பறவை தாங்கி நட்டேன், ஆந்தையும் வந்துச்சு, ஆனா எலி அதைவிட அதிகம். அப்பத்தான் ஒருத்தர் சொன்னாரு, கம்பியைக் கட்டி கரண்டை விடு, ஒரே ராத்திரியில முடிஞ்சுடும்னு. சட்டப்படி குத்தம்னு தெரியும். வருஷா வருஷம் சம்பா நாள்ல பேப்பர்ல வர்ற சேதி, எலிக்கு வச்ச மின்வேலியில விவசாயி பலின்னு. செத்தவனும் அடுத்த வயல்காரன்தான், இல்ல கம்பியைக் கட்டினவனேதான். அது எல்லாம் தெரிஞ்சே மோட்டார் கொட்டகையிலேர்ந்து இழுத்து, முட்டிக்குக் கீழ குச்சி நட்டுக் கம்பி கட்டினேன். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுட்டு விடிகாலை நாலு மணிக்கு எடுத்துடலாம், அந்த நேரத்துல யார் வரப்போறான்னு ஒரு நினைப்பு. வீட்டுல யாருக்கும் சொல்லல.

ரெண்டாம் நாள் ராத்திரி. மாடு கன்னு போடுற மாதிரி கத்துச்சேன்னு கொட்டகைக்குப் போயிட்டு வந்தேன். மணி ஒண்ணே கால் இருக்கும். மகன் ரூம்ல லைட் எரியுது, கம்ப்யூட்டர்ல வானம் ஓடுது, ஆளைக் காணோம். வாசல்ல மாட்டியிருந்த டார்ச் லைட்டைக் காணோம்.

எனக்கு ஈரக்குலையே அறுந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. செருப்புப் போடல. அரைக் கிலோமீட்டர் எப்படி ஓடினேன்னு தெரியாது. மோட்டார் கொட்டகைக்குள்ள விழுந்து பீஸ்கட்டையைப் புடுங்கினதுக்கு அப்புறம்தான் கத்தணும்னே தோணுச்சு.

அவன் மதகு மேல நின்னுக்கிட்டு இருந்தான். வரப்புல காலை வைக்கல. என் கட்டில் காலியா இருக்கவும் வயல்ல ஒத்தையா இருக்கேன்னு நினைச்சு வந்திருக்கான். மதகுல நின்னு டார்ச்சை மெதுவா ஓட்டியிருக்கான். மொதல்ல ரெண்டு தவளை மல்லாக்கக் கிடந்தது தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஒரு தண்ணிப்பாம்பு. அதுக்கப்புறம்தான் கம்பி மினுங்கியிருக்கு.

"அப்பா, அது என்ன கம்பி?"

என்னால பதில் சொல்ல முடியல. கை நடுங்குது. அவன் திட்டவும் இல்ல. "புது இடத்துல நுழையுறதுக்கு மொதல்ல வெளிய நின்னு ஒரு சுத்து பாத்துடுவேன்பா, பழகிப்போச்சு"ன்னு மட்டும் சொன்னான். புது இடமா? அவன் தவழ்ந்த வரப்பு அது. ரெண்டு பேரும் அந்த இருட்டுலேயே கம்பி முழுசையும் சுருட்டினோம். வீட்டுக்காரிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இதைப் படிக்கிறவங்க யாரும் போன் பண்ணிச் சொல்லிடாதீங்க.

மறுநாள் காலையில கிட்டிக்காரப் பெரியவரைத் தேடிப் போனேன். தஞ்சாவூர் கிட்டின்னு வேளாண்மைப் புத்தகத்துலயே பேரு போட்டிருக்கான். மூங்கில் பட்டையை வில்லு மாதிரி வளைச்சுக் கயிறு கட்டி, நடுவுல இரைக்கு ஒரு குச்சி. எலி வந்து பொரியைக் கடிச்சு இழுத்தா குச்சி நழுவும், வில்லு பட்டுனு கழுத்தை அமுக்கும். மருந்தும் இல்ல, கரண்டும் இல்ல. பெரியவருக்கு எழுபது தாண்டிடுச்சு. "மூட்டு வலி தம்பி, ரெண்டு வயலுக்கு மேல பாக்குறதில்ல"ன்னாரு. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "சரி, வர்றேன்"னாரு.

அவர் வந்த நேரம் சாயங்காலம் நாலரை. அந்த விளையாட்டுல தினம் அந்த நேரத்துக்குத்தான் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுவாங்களாம், லண்டன் கணக்குக்குக் காலை பதினோரு மணி. மகன் வெளிய வந்து அவர் பின்னாடியே நடக்க ஆரம்பிச்சுட்டான்.

அன்னைக்கு அவர் ஒரு கிட்டியும் வைக்கல. வரப்பு முழுக்க நடந்து, வளை வாசலை எல்லாம் சேத்தால அடைச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாள் விடிஞ்சதும் வந்து எது எது திறந்திருக்குன்னு பார்த்தாரு. திறந்திருந்தா உள்ள ஆள் இருக்கு, அடைச்சது அப்படியே இருந்தா காலி. மகன் என் காதுல, "அப்பா, இதுதான் ஸ்கேன்"ங்கிறான். வரப்பெலி தன் வாசலைத் தானே மண்ணு தள்ளி மூடிக்கும். தப்பிச்சு ஓட வேற பக்கம் ஒரு வாசல் வச்சிருக்கும், மேல மெல்லிசா மண்ணு மட்டும் மூடியிருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் கட்டைவிரலால அழுத்தி அழுத்திக் கண்டுபிடிக்கிறாரு. பயிருக்குள்ள எலி ஓடுற தடத்தைப் பார்த்து, கிட்டியை அந்தத் தடத்து மேலயே வச்சாரு. அடையாளத்துக்குப் பக்கத்துத் தூர்ல ஒரு வைக்கோல் முடிச்சு.

"தாத்தா, நிலா இருந்தா?"ன்னு மகன் கேட்டான்.

"நிலாவுல அது வெளிய வராது பேராண்டி. ஆந்தைக்குப் பயம். அமாவாசையை ஒட்டி வச்சாத்தான் வேட்டை."

அது அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி. 60 கிட்டி வச்சோம். எட்டு மணிக்கு ஒரு தடவை, விடிகாலையில ஒரு தடவை எடுத்ததுல 31 எலி. எலிக்கு 25 ரூபாய் பேச்சு. அஞ்சு ராத்திரி வச்சாரு. கடைசி நாள் நாலுதான் விழுந்துச்சு.

ஒரு பெரிய வளையை வெட்டினப்ப உள்ள பக்கத்து வயல்ல முந்தி வெளைஞ்ச கதிரா இழுத்து அடுக்கி வச்சிருந்துச்சு, அத்தனை ஒழுங்கா. பெரியவர் அதைத் துண்டுல அள்ளினாரு. "உங்கப்பா காலத்துல பஞ்சத்துக்கு எங்க வீட்டுல இந்த நெல்லைத்தான் தம்பி குத்திக் கஞ்சி வச்சோம். எலி எடுத்தா யாரும் கேக்கமாட்டாங்க, நாங்க எடுத்தா கட்டி வச்சு அடிப்பாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. என் மகன் சிரிக்கல. எனக்கும் எங்க பாக்குறதுன்னு தெரியல. அந்தக் காலத்துல எங்க அப்பாவும் பண்ணையத்துல நின்னவர்தான்.

அவருக்கு ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. கிட்டி கட்ட அவங்களுக்குத் தெரியாது. என் மகன் பொங்கல் வரைக்கும் இருந்து அவர்கிட்ட உட்கார்ந்து மூணு கிட்டி கட்டினான். ரெண்டு பட்டை ஒடிஞ்சுபோச்சு. மூணாவது வேலை செய்யுது, ஆனா கொஞ்சம் சோம்பேறி, எலி பொரியைத் தின்னுட்டுப் போனதுக்கு அப்புறம்தான் அமுக்குது.

மகசூல் போன வருஷத்தைவிட நாலு மூட்டை கம்மி. நான் பயந்ததுக்கு இது ஒண்ணுமே இல்ல. நகையை மூட்டாச்சு.

மகன் சென்னைக்குப் போயிட்டான். போன வாரம் ராத்திரி பதினொண்ணுக்கு நானே போன் போட்டேன், சும்மாதான். ரகசியம் பேசுற மாதிரி மெல்லக் குரல்ல, "அப்பா, ஒரு வளை வாசல்ல நிக்கிறேன், உள்ள யாரோ இருக்கான், அப்புறம் பேசுறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டான்.