கடைசி இரண்டு நிமிஷம்

மேட்ச் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து சத்தம் வந்தால் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். வராவிட்டால், ஐந்து நிமிஷம் கழித்துத் தண்ணி குடிக்க வருகிறவர் மாதிரி உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "எத்தனைக்கு எத்தனை?" என்பார்.

இந்தப் பழக்கம் 2000 செப்டம்பரில், சிட்னி ஒலிம்பிக்ஸில் ஆரம்பித்தது. போலந்தை ஜெயித்தால் இந்திய ஹாக்கி அணி அரையிறுதிக்குப் போய்விடும். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். அணியில் தன்ராஜ் பிள்ளை இருந்தார். மகாராஷ்டிராவில் பிறந்தவர் என்றாலும் தமிழ்க் குடும்பம் என்பதால் எங்கள் தெருவில் அவர் 'நம்மாளு'. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதபோது போலந்து ஒரு கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. அரையிறுதி போயிற்று. அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அதன் பிறகு எந்த மேட்சிலும் அவர் கடைசி இரண்டு நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும்தான். எங்களுக்கு ஹாக்கி. மற்ற ஊர்களில் பையன்கள் தென்னைமட்டையை பேட்டாகச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் நுனி வளைந்த கருவேலங்கம்பைத் தேடிக் காட்டுக்குள் அலைந்தோம். வளைவு சரியாக அமைந்த கம்பு கிடைத்தவன் அந்த வாரம் முழுக்க கேப்டன். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். இளவட்டமாக இருந்தபோது ரைட் அவுட் ஆடியவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் இறுதி ஆட்டத்தை ரேடியோவில் கேட்ட கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஸ்பெயினை நாலுக்கு மூன்று என்று ஜெயித்தது, கேப்டன் பாஸ்கரன் மெட்ராஸ்காரர் என்பது, கடைசியில் டீக்கடைக்காரர் எல்லோருக்கும் ஓசி டீ ஊற்றியது. கதை ஒவ்வொரு தடவையும் அந்த டீயில்தான் முடியும்.

நான் கோல்கீப்பர். ஆசைப்பட்டு ஆகவில்லை. அக்காவுக்கு அடித்துப் பழக ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு செங்கல்லை வைத்து நடுவில் என்னை நிறுத்துவாள். காலில் சாக்கைச் சுற்றிச் சணல் கட்டியிருப்பேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஹாக்கி ஸ்டிக்கில் ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். இடது பக்கம் வருகிற பந்தை அடிக்க ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அதற்கு ரிவர்ஸ் என்று பெயர். ஆம்பளைப் பையன்களே தடுமாறுகிற வேலை. அக்கா அதைச் சட்னிக்கு வெங்காயம் நறுக்குகிற மாதிரி செய்வாள். "கட்டை அடுக்குன கைல்லா" என்பாள் அம்மா. லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து தீக்குச்சிக் கட்டை அடுக்கிய விரல்கள் அவை. என் வலது முழங்காலுக்குக் கீழே இருக்கிற தழும்பு அவள் அடித்த பந்தால் வந்தது.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா ஜலந்தரில் செய்த ஸ்டிக் ஒன்றை வாங்கிக்கொடுத்தார். முசுக்கட்டை மரம். வீட்டில் யாருக்கும் அதுவரை அவ்வளவு விலையில் எதுவும் வாங்கியதில்லை. பள்ளிக்கூட டீமில் அவள்தான் சென்டர் பார்வர்டு. சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்ப்பார்.

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டில் நான் ஒரு பாட்டுப் பாடினேன். மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள், அக்காவின் அரை டவுசரைப் பற்றிக் கட்டிய பாட்டு. எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று. வேடிக்கை என்று நினைத்துத்தான் பாடினேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "போதும் தாயி, பரீட்சை வருதுல்லா."

பரீட்சை முடிந்த பிறகும் அது போதும் என்றே இருந்தது. அக்கா சண்டை போடவில்லை. ஸ்டிக் கொஞ்ச நாள் பரணில் கிடந்தது. அப்புறம் அம்மா அதை ஒரு மூங்கில் கழியின் நுனியில் கட்டி முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டியாக்கிவிட்டாள். வளைவு அதற்கும் தோதாகத்தான் இருந்தது. இருபது வயதில் அக்காவுக்குச் சாத்தூரில் கல்யாணம். நான் காலேஜ் வரைக்கும் கோல்கீப்பராக ஆடினேன். சுமாரான கோல்கீப்பர். என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கூட ஆடிய பையன்களில் இரண்டு பேருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது, ஒருத்தன் ரயில்வே, ஒருத்தன் போலீஸ். மற்றவர்கள் திருப்பூர், சென்னை, துபாய் என்று சிதறிப்போனோம். வாட்ஸப்பில் ஒரு குரூப் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பிறந்தநாள் கேக்கும் செவ்வாய்க்கிழமை சாமி படமும்தான் வரும். ஹாக்கி என்றால் மட்டும் உயிர் வரும்.

2021 ஆகஸ்ட் 5, காலை ஏழு மணி. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம், எதிரில் ஜெர்மனி. கொரோனா காலம், நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி மாசம் என்று அக்காவும் மகளோடு வந்திருந்தாள். ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்த இந்தியா ஐந்துக்கு மூன்று என்று ஏறியது. ஜெர்மனி இன்னொன்று போட்டது. வழக்கம்போல அப்பா திண்ணைக்குப் போனார். ஆறேழு விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் தடுத்தார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நாற்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு பதக்கம். ரயில்வேக்காரன் குரூப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் வார்த்தையே இல்லை, அழுகை மட்டும்தான். அப்பா உள்ளே வந்து மாஸ்கோ கதையை டீ வரைக்கும் சொன்னார். அக்கா இந்த நேரமெல்லாம் அடுப்படி வாசலில் நின்றபடிதான் பார்த்தாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. பெண்கள் அணிக்கும் வெண்கலத்துக்கான ஆட்டம், பிரிட்டனோடு. கால்இறுதியில் ஆஸ்திரேலியாவையே ஜெயித்துவிட்டு வந்த அணி. அப்பா கையில் பேப்பர், அதில் முழுக்க ஸ்ரீஜேஷ். "ஓ, இன்னைக்குப் பொம்பளப் பிள்ளைக மேட்ச்சா?" என்று பேப்பரை இறக்காமலே கேட்டார்.

பூஜ்யத்துக்கு இரண்டு என்று விழுந்தபோது அக்கா அசையவில்லை. குர்ஜித் கவுர் இரண்டு கோல், வந்தனா கட்டாரியா ஒன்று. இடைவேளைக்குள் மூன்றுக்கு இரண்டு. பேப்பர் எப்போது கீழே போனது என்று நான் கவனிக்கவில்லை. அக்காவின் வலது மணிக்கட்டு மடியில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு பிரிட்டன் சமன்செய்தது. கடைசி கால்பகுதியில் இன்னொன்றும் போட்டது. மூன்றுக்கு நாலு.

இரண்டு நிமிஷம் இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் முதுகுக்குப் பின்னால், அசையாமல் உட்கார்ந்திருந்தார். விசில் வரைக்கும் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அழுவதையும், ஜெயித்தவர்கள் வந்து தேற்றுவதையும் பார்த்தார்.

"நாலாவது இடம்" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

"மாஸ்கோலயும் நாலாவதுதான்ப்பா" என்றாள் அக்கா, திரும்பாமல்.

"மாஸ்கோவா?"

"நீங்க ரேடியோல கேட்ட அதே மாஸ்கோதான். பொம்பளைங்க ஹாக்கிய ஒலிம்பிக்ஸ்ல சேர்த்ததே அந்த வருஷந்தான். நம்ம டீமும் போச்சு. நாலாவதா வந்துச்சு."

நூறு தடவை கேட்ட கதையில் இது ஒருதடவைகூட வந்ததில்லை. அவள் எப்போது, எங்கே இதைப் படித்தாள் என்று தெரியவில்லை. தெரிந்துவைத்துக்கொண்டே எத்தனை வருஷம் அந்த டீக்கதையைக் கேட்டிருக்கிறாள் என்பதும் தெரியவில்லை.

அப்பா ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார். "ஒன் ஸ்டிக்கு எங்க இருக்கு தாயி?"

"முருங்கை மரத்துல சாத்தியிருக்கு. காய் பறிக்கணுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் அவளிடம் அந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னேன். இருபது வருஷமாகச் சொல்ல நினைத்தது. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "தெரியும்ல. அடுப்படிக்கும் சாப்பிடுற எடத்துக்கும் நடுவுல சுவரா இருந்துச்சு?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ராகத்தோட பாடுனியே, அதுதான்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

2024 ஆகஸ்டில் பாரிஸில் ஆண்கள் அணி மறுபடியும் வெண்கலம் ஜெயித்தது. இந்தத் தடவையும் ஸ்பெயின், இரண்டுக்கு ஒன்று. அப்பா திண்ணையில்தான் இருந்தார். சத்தம் கேட்டு உள்ளே வந்தவர் மாஸ்கோவை எடுக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக மேட்ச் என்னைக்கு?" என்று கேட்டார்.

இந்தத் தடவை அவர்கள் தகுதிபெறவில்லை என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாத்தூருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார்.