கூட்டல் குறி

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் எனக்கு இன்னும் தலை சுற்றும். வால்பாறையில் பிறந்தவள் என்று சொல்லவே வெட்கம். போன ஆடியில் அக்கா வீட்டுக்குப் போனபோது விடாத மழை, கரண்ட் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் வேதியியல் புத்தகத்தோடு மெழுகுவர்த்தி அருகே வந்து உட்கார்ந்தாள். "சித்தி, இதைச் சொல்லிக் குடுங்க." நைட்ரேட் அயனி. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா! ஆனால் பள்ளியில் நானும் அறிவியல் பிரிவுதான்.

நடுவில் நைட்ரஜன், சுற்றி மூன்று ஆக்சிஜன். எலக்ட்ரான்கள் 5, 18, எதிர்ச்சுமைக்காக இன்னொன்று, ஆக 24. ஓர் ஆக்சிஜனுக்கு இரட்டைக் கோடு, மற்ற இரண்டுக்கும் ஒற்றை. இரட்டை எதற்கு? மூன்று விதமாகவும் வரையலாம். "மூணுல எது நிஜம்?" எதுவுமில்லை. அயனி ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுமில்லை. மூன்று பிணைப்பும் ஒரே நீளம். ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்டதை நம் கோடுகளால் ஒரே படத்தில் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். உடனிசைவு என்று இதற்குப் பெயர்.

பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929ல் எக்ஸ் கதிர் கொண்டு காட்டியவர் கேத்லீன் லான்ஸ்டேல். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு 1936ல் படிகங்களின் காந்தப் பண்பு பற்றிக் கட்டுரை எழுதியவரும் அவர்தான். என் வகுப்பறைகளில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

அடுத்து முறைசார் மின்சுமை. பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை இரு அணுவுக்கும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். உண்மையில் ஆக்சிஜன் தன் பக்கம் அதிகம் இழுக்கும். கணக்கில் அது வராது. ஒற்றைக் கோட்டு ஆக்சிஜனுக்கு 6 − 6 − 1, அதாவது −1. இரட்டைக் கோட்டுக்கு 6 − 4 − 2, சுழி. நைட்ரஜன் 5 கொண்டுவந்தது. அதன் கணக்கில் மிஞ்சியது 4. ஆகவே +1. மூன்று படத்திலும் கழித்தல் குறிகள் இடம் மாறுகின்றன. நைட்ரஜனின் +1 மட்டும் நகர்வதில்லை.

"கொறஞ்சு போனதுக்கா கூட்டல் குறி போடறீங்க?" அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

எலக்ட்ரானின் சுமை எதிர் என்பதால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அம்மாவுக்கு முதுகு போன வருஷம், எஸ்டேட்டில் வீட்டாள் ஒருத்தர் பேர் பதிந்தால்தான் லைன் வீடு நிற்கும் என்றார்கள். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவனைத் திரும்பி வா என்று யாரும் சொல்லவில்லை. நான் பத்தாம் வகுப்பு. அக்கா அப்போதுதான் பிளஸ் டூ முடித்து, கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். கணக்கில் 200க்கு 168. அடுத்த வாரம் கொழுந்து பறிக்கப் போனாள். நான் படித்தேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் உண்டு, நூலகர் உண்டு, தட்டச்சு செய்தவர்கூட உண்டு. அக்கா 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பென்சிலை வாங்கினாள். அடுத்த கணக்கு கார்பனேட். விரலால் கோடுகளை எண்ணினாள். கார்பனுக்கு 4 − 4.

"நடுவுல இருக்கற இதுக்கு ஒண்ணும் கொறயலையே" என்றாள். பிறகு, "சரியா புள்ள?" என்று மகளிடம் கேட்டாள், என்னிடம் இல்லை.